உள்ளே ஓடிய ஒல்லி வயர்

வயர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கக்கூடாது. அப்படி ஒரு திமிர் எனக்கு இருந்தது. அறுபதுகளின் நடுவில், நான் பம்பாய்க்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்த நேரம். குடியிருப்பு தாராவியில், வேலை பெரும்பாலும் மாட்டுங்காவில். ஆபீஸ்காரர்களின் பிளாட்டுகளில் ஃபேன் மாட்டுவேன், மீட்டரிலிருந்து லைன் இழுப்பேன், கறுத்துப்போன பழைய வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிது போடுவேன். சட்டைப் பையில் வயர்மேன் லைசென்ஸ் எப்போதும் இருக்கும். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்து எடுத்துக் காட்டுவேன்.

கணபதி பண்டிகை வந்துவிட்டால் பத்து நாளும் எனக்குத் தூக்கம் கிடையாது. பந்தல் பந்தலாக சீரியல் பல்பு கட்டுவது என் வேலை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூறு நூறாகப் பல்புகள், எல்லாம் சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒல்லி முறுக்கு வயரில் எரியும். ஒரு தெருவையே இந்தச் சணல் மாதிரி வயரில் பகலாக்குகிறேன் பார் என்று எனக்குள் ஒரு கெத்து. நான் கெட்டது அந்தப் பந்தல்களால்தான் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். சேச்சே, பந்தல் என்ன செய்யும் பாவம். நான் கெட்டது என்னால்தான்.

செம்பூரில் ஒரு கம்பெனிக் குவார்ட்டர்ஸில் ஒரு சார் இருந்தார். திருநெல்வேலிக்காரர், இன்ஜினியரிங் படித்தவர். அவர் வீட்டில் ஃபேன் மாட்டப்போய்ப் பழக்கமானேன். அவருடைய சம்சாரத்துக்கு ஊர் அம்பாசமுத்திரம். எனக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அது தெரிந்த நிமிஷத்திலிருந்து நான் அவளுக்குத் தம்பி, அவள் எனக்கு அக்கா. செம்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனால் அங்கே ஒரு வாய் சாப்பிடாமல் திரும்ப விடமாட்டாள்.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வெளியே போவதில்லை. கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்தது ரயிலில்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, வழியில் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியதில் கக்கூஸில் விழுந்திருக்கிறாள். கதவை உடைத்து நாலு ஆண்பிள்ளைகள் தூக்கினார்களாம். புடவை கலைந்து கிடந்த கிடையை அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்றைக்குச் சொன்னாளாம், இனி செத்தாலும் ரயிலில் ஏறமாட்டேன் என்று. அப்புறம் ஏறவுமில்லை.

ஊரில் அவளுக்கு அப்பா மட்டும் இருந்தார். அவர் கண் மங்கிப்போனவர், பம்பாய்க்கு வரும் உடம்பு இல்லை. அவரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அக்காவுக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒன்றுதான். கடிதம் வருகிற நாளில் சாப்பாடு போடும்போதே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "ஒரு நாளு பாத்துட்டு வந்திட்டன்னா போதும் தம்பி. பெறவு யாரையும் தொந்தரவு பண்ணமாட்டேன்" என்பாள்.

அதற்காகத்தான் சார் அந்த வண்டியைக் கட்டினார். மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் கட்டி இழுக்கிற ஒரு டிரெய்லரும் எடுத்தார். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட்டில் ஓர் அறை எழுப்பினார். உள்ளே படுக்க ஒரு பெஞ்சு, அடியில் சாமான் வைக்க இடம், மூலையில் மறைப்பு வைத்து அக்காவுக்குத் தோதான உயரத்தில் ஒரு கக்கூஸ், சுவரெல்லாம் பிடித்து நடக்கக் கம்பி, இறங்க அரை அரை அடியில் படி. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அவரே ரம்பம் பிடித்தார். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ஒரே கேலி. "என்ன சார், சர்க்கஸ் எப்ப கெளம்புது? யானை எங்க?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்பான். சார் சிரித்துக்கொண்டே ஆணி அடிப்பார். அக்கா ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜீப்பில் முன்னால் குலுங்கிக்கொண்டு போகாமல், வேண்டிய இடத்தில் நிறுத்தி, தன் வீட்டுக்குள்ளேயே இருந்தபடி அம்பாசமுத்திரம் போய்ச் சேரலாம். மே மாதம் கிளம்பி மழை பிடிப்பதற்குள் திரும்பிவிடுவது என்று லீவும் வாங்கியாகிவிட்டது.

வண்டிக்கு விளக்கு போடும் வேலை எனக்கு வந்தது. உள்ளே மூன்று பல்பு, பஸ் டிரைவர்கள் முன்னால் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ஃபேன், வெளியே நின்று சமைக்க ஒரு கார் ஹெட்லைட். எல்லாம் பெட்டியில் வைத்த பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும். சார் எங்கேயோ லைப்ரரியில் உட்கார்ந்து இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பார்த்து ஒரு காகிதத்தில் கோடு கோடாக வரைந்து வைத்திருந்தார்.

"இங்க பாரும்வே" என்று ஆரம்பித்தார். "வீட்டுல இருநூத்து முப்பது வோல்ட்டு. இங்க பன்னெண்டுதான். வோல்ட்டு கொறஞ்சா, அதே வெளிச்சத்துக்குக் கரண்டு கூட ஓடணும். மாடித் தொட்டியில இருந்து தண்ணி வந்தா ஒல்லிப் பைப்பு போதும். தரையில கெடக்குற தொட்டின்னா பெரிய பைப்பு வேணும்லா? அதே கததான். அதனால தடி காப்பர் வயரா வாங்கும். மெயினுக்குப் போடுவீருல்லா, அந்தக் கனம். ஒல்லியாப் போட்டா சூடேறிரும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பத்து வருஷம் வயரோடு புரண்டவன் நான். பேனா பிடிக்கிறவர் எனக்குப் பைப்புக் கதை சொல்கிறார்! இருநூற்று முப்பதில் கை வைத்தால் ஆளைத் தூக்கி எறியும். அதற்கே நான் ஒல்லி வயர் போடுகிறேன். பன்னிரண்டில் என்ன இருக்கிறது? பேட்டரியின் இரண்டு முனையையும் ஈரக் கையால் பிடித்துக் காட்டினேன். "பாருங்க சார், எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இதுக்குப் போயி மெயின் வயரா?" என்றேன்.

"ஷாக் அடிக்காது, சரிதான். ஆனா சூடேறும். ரெண்டும் வேற வேறவே" என்றார் பொறுமையாக. "சொன்னதச் செய்யும்."

"சரி சார்" என்றேன். வாய்தான் சரி என்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று உள்ளே சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஆனாலும் லோகார் சால் போனேன். பம்பாயில் கரண்ட் சாமான் வேண்டுமென்றால் அந்தச் சந்துதான். வழக்கமாக நான் வாங்குகிற குஜராத்தி சேட்டிடம் தடி காப்பர் கேட்டேன். அந்த வருஷங்களில் செம்புக்குத் தட்டுப்பாடு, எல்லாரும் அலுமினியத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சேட்டிடம் அந்தக் கனத்தில் இரண்டு கஜத் துண்டுதான் இருந்தது. முழுச் சுருள் வேண்டுமென்றால் பதினைந்து நாள் பொறு என்றார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "பேட்டரி கா காம் ஹை? தோ மோட்டா ஹி லேனா, பாய். பத்லா மத் டால்" என்றார். பேட்டரி வேலைக்குத் தடியாகத்தான் போட வேண்டும், ஒல்லியாகப் போட்டுவிடாதே என்று அவரும் அதையேதான் சொன்னார். படித்தவரும் சொன்னார், விற்கிறவரும் சொன்னார். கேட்கிற காது எனக்கு இல்லை.

பதினைந்து நாள் பொறுத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் எனக்குப் பொறுக்க மனமில்லை. வீட்டில் போன வருஷத்துக் கணபதிப் பந்தலில் மிஞ்சிய ஒல்லி வயர் ஒரு சுருள் கிடந்தது. சேட்டிடம் அந்த இரண்டு கஜத் தடி வயரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் செய்ததைக் கூசாமல் சொல்லிவிடுகிறேன். பேட்டரிப் பெட்டியில் தெரிகிற இடத்தில் ஒரு முழம் தடி வயர். சுவிட்சுப் பலகைக்குப் பின்னால், திறந்தால் கண்ணில் படுகிற இடத்தில் இன்னொரு முழம். ஃபேனுக்குப் போகிற இடத்தில் கொஞ்சம். நடுவே முழுக்க, மரப்பட்டிக்குள், பந்தல் வயர். வயரைப் பட்டிக்குள் ஓட்டி மேலே மூடி வைத்து ஆணி அடிப்பதுதான் அப்போதெல்லாம் எங்கள் வேலைமுறை. மூடி அடித்துவிட்டால் உள்ளே என்ன ஓடுகிறது என்று அடித்தவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். காசை மிச்சம் பிடிக்கச் செய்யவில்லை. காசுக்குச் செய்திருந்தால்கூட ஒரு மனிதத்தனம் இருந்திருக்கும். அவர் சொன்னது தப்பு, நான் நினைத்தது சரி என்று எனக்கே காட்டிக்கொள்ளச் செய்தேன். ஒரு வருஷம் கழித்து ஒருநாள் மூடியைக் கழற்றி, "பாத்தீங்களா சார், இத்தனை தூரம் இந்த ஒல்லி வயருலதான் ஓடுச்சு" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

சார் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். சுவிட்சுப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். தடி வயரை விரலால் தொட்டார். "நல்லாருக்குவே" என்று தோளில் தட்டினார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது ஃபியூஸ் போனது. கட்டினேன், மறுபடியும் போனது. அது வேண்டாம் வேண்டாம் என்று எனக்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது. நான் என்ன செய்தேன்? எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதைத்தான். ஃபியூஸ் கட்டையில் ஒரு இழைக்கு நாலு இழையாக முறுக்கிக் கட்டினேன். அப்புறம் போகவில்லை. கால் மணி நேரம் கழித்து மரப்பட்டியின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் நின்ற வண்டிதானே என்று கையை எடுத்துவிட்டேன். நின்றது நிழலில்.

பெரிய பயணத்துக்கு முன் இரண்டு நாள் ஒத்திகை பார்க்கலாம் என்று சார் சொன்னார். தாணா சுற்றி, பன்வெல் தாண்டி, எங்காவது மரத்தடியில் நிறுத்தித் தங்கிவிட்டுத் திரும்புவது. என்னையும் கூப்பிட்டார். அக்கா ஒன்பது வருஷமாகத் தெருவில் இறங்காதவள். டிரெய்லருக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாங்கள் நிறுத்துகிற இடத்திலெல்லாம், "தம்பி, அது என்ன மரம்? அந்த ஆளு தலையில என்ன கொண்டுபோறான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பன்வெல்லுக்கு அப்பால் ஒரு வயலோரம், கிணற்றுப் பக்கம் நிறுத்தினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா பையிலிருந்து ஒரு சின்னக் காமாட்சி விளக்கை எடுத்துத் துடைத்து எண்ணெய் ஊற்றினாள்.

"அக்கா, அதான் லைட்டு போட்டிருக்கேன்லா? விளக்கு எதுக்கு?" என்றேன்.

"நல்லாருக்கே! வீடுன்னு இருந்தா அந்தியில விளக்கு வைக்காண்டாமா? சக்கரம் வச்சிருந்தா வீடு இல்லன்னு ஆயிருமா?" என்றாள். சுவரில் சார் அடித்திருந்த குட்டித் தட்டில், சாமி படத்துக்கு முன்னால் விளக்கை வைத்துக் கும்பிட்டாள். தட்டுக்குப் பின்னால்தான் என் மரப்பட்டி ஓடியது. பக்கத்தில் ஜன்னல் திரை தொங்கியது.

நான் எல்லா சுவிட்சையும் போட்டேன். ஹெட்லைட் வெளியே பளீர் என்று விழுந்தது. அக்கா கை தட்டினாள். நானும் சாரும் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனோம். ஐம்பது அடிகூட இருக்காது. இரண்டாவது வாளியை இழுக்கும்போது அக்கா கத்தினாள்.

திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் புகை, பின்னாலேயே தீ. சார் ஓடினார். நானும் ஓடினேன். பாதி தூரத்திலேயே மூக்கில் ஏறிவிட்டது. எண்ணெயும் துணியும் எரிகிற வாசனை வேறு, ரப்பர் வேகிற வாசனை வேறு. அது ரப்பர். விளக்கு விழுந்து திரை பற்றவில்லை, வயர் பற்றித்தான் திரை பற்றியது. வழி முழுக்க வண்டி குலுங்கியதில், பட்டிக்கு வெளியே வந்த இடத்தில் வயர் இரும்புச் சட்டத்தில் உரசித் தேய்ந்திருக்க வேண்டும். சூட்டில் ஏற்கெனவே இளகிய ரப்பர் அங்கே கிழிந்து, செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. இதெல்லாம் எனக்கு அந்த இருபது அடியில் தெரிந்துவிட்டது.

அக்கா தரையில் தவழ்ந்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். சார் எரிகிற வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து அவளை இழுத்துப் போட்டார். அதன்மேல் ஒட்டியிருந்த ரெக்சின் உருகி அவர் இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டது. நான் வாளித் தண்ணீரை எறிந்தேன். பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தேன். ஒன்றும் பிரயோஜனமில்லை. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் எங்கள் கண்முன்னால் எரிந்தன.

அக்கா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கருகிப்போயிருந்தது. சார் கைகளை விரித்தபடி அவள் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். "வயரா இருக்குமோவே?" என்றார்.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மா, யோசித்துக்கொண்டே கேட்டார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். என் வாய் தானாகத் திறந்து, "வயரு எப்படி சார்? தடி காப்பர்லா போட்டிருக்கு, நீங்களே பாத்தீங்களே. விளக்குதான். காத்துல திரை போயி விளக்குல விழுந்திருக்கு" என்றது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வேண்டாம்னான், தம்பி வேண்டாம்னான். நாந்தான் பாவி, கேக்கல. என்னாலதான். உங்க கையப் போயி நானே வேகவச்சிட்டேனே!" என்று கதறினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவன் கையில் காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். சார் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடு, உயிரோட இருக்கோம்லா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வழியாக வந்த லாரியில் இருவரையும் ஏற்றிப் பன்வெல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பை எடுக்கப் போனேன். சாம்பலுக்குள் தேடினேன். ஒல்லி வயர் ரப்பரெல்லாம் போய்ச் சிவந்து, இரும்புச் சட்டத்தில் ஓரிடத்தில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. குறட்டால் வெட்டி எடுத்து, துண்டு விடாமல் பொறுக்கி, திரும்பி வரும்போது தாணாப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி உப்பங்கழியில் எறிந்தேன். டிரைவர் என்னவென்று கேட்டான். குப்பை என்றேன்.

சாருக்குப் பேனா பிடிக்க ஒன்றரை மாதம் ஆனது. நான் வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மருந்து வாங்கிக் கொடுத்தேன், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். "சொந்தத் தம்பி இருந்தாக்கூட இப்படிப் பாக்கமாட்டான்" என்பாள் அக்கா. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எரிந்து விழுவேன். சோறு குழைந்துவிட்டது என்று ஒருநாள் தட்டைத் தள்ளினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் அக்கா, "தம்பி, சாமிக்கு ஒரு சின்ன பல்பு போட்டுக் குடுத்திரு. நான் இனிமே நெருப்பத் தொடமாட்டேன்" என்றாள். பூஜை அலமாரியில் விளக்கு இல்லை. அதன் எண்ணெய்க்கறை மட்டும் வட்டமாக இருந்தது. அடுப்பைக்கூடச் சார்தான் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்று போட்டேன். அக்கா அதற்கு முன்னால் கைகூப்பிவிட்டு, "நீ போட்ட வயருன்னா எனக்குப் பயமில்ல" என்றாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, மிஞ்சிய வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் சார் ஆள் அனுப்பினார். போனேன். அம்பாசமுத்திரத்திலிருந்து தந்தி வந்திருந்தது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வரவும்.

சார் என்னை வாசலுக்கு வெளியே இழுத்துப் போனார். "ராத்திரி மெயிலுக்குச் சொல்லி டிக்கெட்டு ரெண்டு வாங்கியாச்சு. தனி ரூமு மாதிரி இருக்கும், ஒருத்தரும் பாக்கமாட்டான். ஆனா வரமாட்டேங்கா. நீரு சொன்னா கேப்பா. சொல்லும்வே" என்றார். அவர் உள்ளங்கையில் தோல் பளபளவென்று சிவந்து இறுகியிருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தந்தி. அழுகை நின்றுபோயிருந்தது.

"போங்கக்கா" என்றேன். "அப்பாவப் பாக்கணும் பாக்கணும்னு இத்தன வருஷமாச் சொன்னீங்களே."

"ரயிலு பயம்லாம் போயிட்டு தம்பி. விழுந்தா விழுந்துட்டுப் போறேன், நாலு பேரு பாத்தாப் பாத்துட்டுப் போறான்" என்றாள். "ஆனா சாமியே வேண்டாம்னுட்டுல்லா? அப்பாவப் பாக்கப் போறேன்னு கெளம்பினவ வச்ச விளக்கே வண்டிய எரிச்சிருச்சே. இதுக்கு மேல எப்பிடிச் சொல்லும் சாமி? நான் போனா அவரு உசுருக்கு ஆகாது. நான் போகாம இருந்தாலாவது பொழச்சுக்கிடுவாரு."

சார் கதவருகில் நின்றார். நான் அக்காவுக்கு எதிரே, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிக்கவில்லை அக்கா, நான்தான் எரித்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சாரின் கையைப் பார்த்தேன். இவர் முன்னாலா என்று நினைத்தேன். லைசென்ஸ் போய்விடுமே என்று நினைத்தேன். தாராவிக்கே தெரிந்துவிடுமே, அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு! ஒரு மகள் தன் அப்பாவைப் பார்ப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கிறாள், நான் என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்படில்லாம் நெனைக்காதீங்கக்கா. போயிட்டு வாங்க" என்று மறுபடியும் சொன்னேன். காரணம் இல்லாமல் சொன்ன வார்த்தை எப்படி எடுபடும்? அவள் தலையை ஆட்டிவிட்டாள். ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு நான் மாட்டுங்காவுக்கு வேலைக்குப் போனேன். ஆம், போனேன். அன்றைக்கு ஒரு வீட்டில் காலிங் பெல் போட்டேன்.

ஆறாம் நாள் இரண்டாவது தந்தி வந்தது.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு ஒரு மத்தியானம் செம்பூர் போனேன். சார் ஆபீஸில் இருந்தார். அக்கா மட்டும் இருந்தாள். வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பந்தல் வயர், இரண்டு முனையிலும் ஒட்டுப்போட்ட தடி வயர், நாலு இழை ஃபியூஸ், தாணாப் பாலம். அவள் விளக்குமேல் நான் போட்ட பழி. அழுதேன். அவள் காலைத் தொடக் குனிந்தேன். காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பூஜை அலமாரியில் எரிந்துகொண்டிருந்த சிவப்புப் பல்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப சாமி வேண்டாம்னு சொல்லல" என்றாள்.

"இல்லக்கா."

"தந்தி வந்த அன்னைக்கு நீ இங்கனதான இருந்த?"

"ஆமாக்கா."

"ரயிலு ராத்திரிக்குத்தான் தம்பி" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடந்துச்சே."